பாம்பன் தீவுக்கு மாணவர்களை அழைத்து வரும்போது

(கல்விச் சுற்றுலா குறித்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பாம்பன் தீவில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். "ராமேஸ்வரத்துக்குக் கல்விச் சுற்றுலா வருகிற பள்ளிகள் எதைப் பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. பேருந்து ஓட்டுநரிடம் கேட்டாலே ஒப்பித்துவிடுவார். அதனால் தீவில் வேலை பார்க்கிற ஓர் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் ஊருக்குப் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். தருமபுரி, சேலம், ஈரோடு, திருவண்ணாமலை என்று கடல் இல்லாத மாவட்டங்களில் இருந்துதான் நிறைய வருகின்றன. இரவெல்லாம் பயணம். விடியற்காலையில் அக்னி தீர்த்தம், பிறகு கோயில், கலாம் நினைவிடம், ராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம், கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, கடைத்தெரு. சாயங்காலம் பாலத்தைக் கடந்து ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரே நாளில் 9 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் தலை எண்ணுவதிலும், குழுப்படம் எடுப்பதிலும், "சீக்கிரம் ஏறுங்க" என்று சொல்வதிலுமே போய்விடுகிறது.

அந்தப் பேருந்தில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் கடலையே அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அப்பா, அம்மா கூலி வேலையில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில் வந்திருக்கிறார்கள். திரும்பவும் ஒரு முறை வருவார்களா என்பது நிச்சயமில்லை. ஒரு பிள்ளையின் முதல் கடல் 20 நிமிடத்தில் முடிந்துபோகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இடங்களைப் பாதியாகக் குறையுங்கள், ஓர் இடத்துக்கு ஒதுக்கும் நேரத்தை மூன்று மடங்காக்குங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வியை வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். இனி, எந்த இடம், என்ன கேள்வி என்று பார்ப்போம்.

பாலம்

தீவின் முதல் பாடம் தீவுக்குள் நுழையும்போதே இருக்கிறது. சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது. அதுவரை ரயிலை விட்டால் படகுதான். சாலைப் பாலத்தின் மேல் பேருந்தை நிறுத்திப் பிள்ளைகளை இறக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வாகனங்கள் விரைந்து வரும் குறுகலான பாலம் அது, காற்றும் பலமாக அடிக்கும். பாலத்தைத் தாண்டிப் பாம்பன் பக்கம் இறங்கி, கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கிருந்துதான் பாலம் முழுதாகத் தெரியும்.

பழைய ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. நீளம் 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டு கதவுகளாகப் பிரிந்து மேலே எழும். இருபுறமும் தொழிலாளர்கள் நின்று கையால் சுற்றியே அதைத் திறந்தார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலே போகிறது.

கேள்வி இதுதான்: அத்தனை டன் இரும்பைச் சில தொழிலாளர்கள் கையால் தூக்கியது எப்படி? விடை எதிர் எடை. கிணற்று ஏற்றத்தைப் பார்த்த பிள்ளைக்கு உடனே புரியும். பார்க்காத பிள்ளைக்கு ஒரு அளவுகோலும் இரண்டு அழிப்பான்களும் போதும், அங்கேயே உட்கார்ந்து காட்டிவிடலாம். எளிய இயந்திரங்களை வகுப்பில் நான்கு பாடவேளை நடத்துவதைவிடப் பாம்பன் கரையில் அரைமணி நேரம் பேசுவது மனத்தில் நிற்கும்.

இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். 1964 புயலில் இந்தப் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் விழுந்தன. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் ரயிலை ஓட வைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே.

தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. போனால் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர், தண்ணீர்த் தொட்டி. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரில் ஏறிப் படம் எடுப்பார்கள். இறங்குவதற்கு முன்பே, பேருந்தில் வைத்தே இந்த ஊரின் கதையைச் சொல்லிவிடுங்கள்.

1914இலிருந்து 50 ஆண்டுகள் இது ஒரு துறைமுக ஊர். சென்னை எழும்பூரில் ஏறினால் 'போட் மெயில்' தனுஷ்கோடியில் இறக்கிவிடும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் பலர் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, இந்த வழியாகத்தான் போனார்கள். ஊரில் சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகே அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் சில இன்றும் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்கின்றன.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு இறங்கும் பிள்ளை சுவரில் ஏறாது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சத்தம் தானாகக் குறையும். "இதுல பள்ளிக்கூடம் எது டீச்சர்?" என்று கேட்கும். அதுதான் வரலாற்றுப் பாடம் தொடங்கும் இடம்.

இதற்கான கேள்வி: அன்றைக்கு ஏன் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை, இன்றைக்கு எப்படித் தெரிகிறது? செயற்கைக்கோள், வானிலை ஆய்வு மையம், கைப்பேசிச் செய்தி என்று பேச்சு போகும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் சொல்லுங்கள். கூண்டு எண் 1 முதல் 11 வரை உண்டு. செய்தியில் கேட்டிருப்பார்களே தவிர, அது எதற்கு என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்கு இதைவிட நல்ல களம் தமிழ்நாட்டில் குறைவு.

இரண்டு கடலும் ஒரு குழித் தண்ணீரும்

தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. எங்கள் ஊரில் முதலாவதைப் பெண் கடல் என்றும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். ஆண் கடல் அலையடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, அமைதியான கடலும் கொந்தளிக்கும். இரண்டு கரையிலும் 10 நிமிடம் நிற்க வைத்து, அலையின் உயரம், தண்ணீரின் நிறம், மணலின் தன்மை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பருவக்காற்றைப் பற்றி நீங்கள் நடத்தியது அவர்கள் கையெழுத்திலேயே வந்து சேரும்.

அடுத்தது நான் எப்போதும் பரிந்துரைக்கும் ஒன்று. தனுஷ்கோடியில் குடியிருப்பவர்கள் கடலிலிருந்து சில அடி தூரத்தில் மணலைக் கையால் தோண்டுவார்கள். சின்னக் குழியில் தண்ணீர் ஊறும். அது நல்ல தண்ணீர். சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற நீர். அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டினால் பாருங்கள். நாமாகத் தோண்டிக் கலக்கிவிடக் கூடாது, அது அவர்களுடைய குடிநீர்.

இது எப்படி நடக்கிறது? மழைநீர் மணலில் இறங்குகிறது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால் கடல்நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோ. எடை குறைந்த நல்ல தண்ணீர் மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்க முடியும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் உப்பு ஏறிவிடும். அடர்த்திப் பாடம் முடிந்தது, நிலத்தடி நீர்ப் பாடமும் முடிந்தது. ஊருக்குப் போனதும் ஒரு கண்ணாடிக் குவளை உப்புநீரில் முட்டையை மிதக்க விட்டுக் காட்டுங்கள்.

இதில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இந்தத் தீவில் தண்ணீர் எங்களுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. கூட்டம் கூடும் நாட்களில் ஆழ்துளைக் கிணறுகள் இடைவிடாமல் ஓடுகின்றன. அதனால் குடிநீர் கேன்களைப் பேருந்திலேயே ஏற்றிக் கொண்டுவாருங்கள். காலி பாட்டில்களைப் பேருந்திலேயே திரும்பக் கொண்டுபோங்கள். மணலில் வீசும் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு கடலில் ஒன்றுக்குள் போகும்.

குளிர்காலத்தின் பிற்பகுதியில் வந்தால் கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். 2025இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பேருந்தில் இருந்து இறங்கியதும் கத்தினால் பறவை போய்விடும். தூரத்தில் நின்று, எத்தனை பறவை, எந்தக் காலில் நிற்கிறது, அலகை எப்படிக் கவிழ்த்து இரை தேடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் ஒரு பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

கோயிலும் கலாம் வீடும்

ராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாடுவது அவரவர் விருப்பம். கல்விச் சுற்றுலாவில் எல்லாப் பிள்ளைகளையும் 22 தீர்த்தத்திலும் நனைத்து, ஈர உடையோடு நாள் முழுதும் அலைய விடுவதை மட்டும் தவிருங்கள். வயதுவந்த பெண் பிள்ளைகள் படும் சங்கடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பேருந்தில் இருப்பார்கள் என்பதையும் திட்டமிடும்போது நினைவில் வையுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது மூன்றாம் பிராகாரம். சேதுபதி மன்னர்கள் காலத்தில் எழுந்தது. 1212 தூண்கள் என்று சொல்வார்கள். கணித ஆசிரியர் உடன் வந்தால் ஒரு வேலை கொடுக்கலாம்: 10 தூண்களுக்கு இடையே எத்தனை காலடி என்று நடந்து பார்த்து, ஒரு பக்கத்தின் நீளத்தை மதிப்பிடுங்கள். அடுத்த கேள்வி: மணல் தீவில் இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது, பாலம் இல்லாத காலத்தில் எப்படி வந்தது? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். பேருந்தில் திரும்பும்போது அவர்களாகவே படகு, தெப்பம், காற்று என்று பேசிக்கொண்டு வரட்டும்.

மசூதித் தெருவில் அப்துல் கலாம் வாழ்ந்த வீடு இருக்கிறது. பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட நினைவிடம் இருக்கிறது. ராக்கெட் மாதிரிகளையும் படங்களையும் பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு அங்கே வேறொரு செய்தி இருக்கிறது. கலாம் ராமேஸ்வரத்தில் 5ஆம் வகுப்புப் படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து நடத்தினார். நடத்திவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் சிறுவன் கலாம். மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். இறக்கை அடிப்பதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரில் காட்டினார். தன் வாழ்க்கையின் திசையை முடிவுசெய்தது அந்த மாலைதான் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆசிரியர் நடத்தியதும் கல்விச் சுற்றுலாதான். செலவு ஒன்றுமில்லை. ஒரே ஓர் இடம், ஒரே ஒரு கேள்வி. நாம் 9 இடத்துக்கு ஓடும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கடலில் வேலை செய்பவர்கள்

சுற்றுலாப் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். அதிகாலையில் படகு கரை சேரும் துறை. மீன்வகைகளைப் பிரிப்பது, ஐஸ் பெட்டி, ஏலம், வலை பின்னுவது எல்லாம் அங்கே நடக்கும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்களும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் போவது என்ற ஏற்பாடு உண்டு. எனவே எந்த நாளில் எது கரை வரும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும்.

பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் இருந்து கடற்பாசியைப் பறிப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பெரும்பாலும் போவார்கள். அது ஓதத்தின் கணக்கு, அறிவியல் பாடத்தில் நாம் நடத்துவதுதான். அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் இருந்து அகர் தயாராகிறது. மேல்நிலை வகுப்பில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றும் அதே அகர். உயிரியல் மாணவர்கள் இதைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள்.

ஆனால் இங்கே கவனம் வேண்டும். அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, வேலையில் இருக்கிறார்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஈரச் சேலையோடு கரையேறும் பெண்ணைக் கைப்பேசியால் மறிக்கும் பெரியவர்களையே பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைகள் அப்படி வளரக் கூடாது. அதேபோல மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம், "உங்க அப்பாவை இலங்கைக்காரங்க பிடிச்சிட்டுப் போயிருக்காங்களா?" என்று கேட்க வேண்டாம். வெளியூர்ப் பிள்ளை அது செய்தி என்று நினைத்துக் கேட்கிறது. என் வகுப்பில் அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் வகுப்பில் இதை ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

வாங்க வேண்டாதவை, செய்ய வேண்டாதவை

தீவை அடுத்துள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. பவளப்பாறைகள், கடற்புல், கடல்பசு, ஆமை எல்லாம் வாழும் இடம். கடல்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 21இல் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறை அலையைத் தடுக்கும் சுவர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இது ஒன்றே போதும்.

எனவே பவளத் துண்டு, உலர்ந்த கடல்குதிரை போன்றவற்றை யார் விற்றாலும் வாங்க வேண்டாம். அவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. சங்கு, சிப்பிகளிலும் சில வகைகள் அந்தப் பட்டியலில் உண்டு. நினைவுப் பொருள் வேண்டுமென்றால் பனை ஓலைப் பெட்டி வாங்குங்கள், கருப்பட்டி வாங்குங்கள். அந்தப் பணம் ஒரு வீட்டு அடுப்பு எரிய உதவும். பவளப்பாறையைப் பார்க்க விரும்பினால் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர்கள் அனுமதிக்கும் படகில், உயிர்காப்புச் சட்டையோடு மட்டுமே போங்கள்.

அரிச்சல்முனையில் யாரையும் கடலில் இறக்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம் அது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று நிற்கும்போதே காலடி மணல் நழுவும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தத் தெரிந்த பையன்தான் இங்கே துணிந்து இறங்குவான். அதனால் "எனக்கு நீச்சல் தெரியும் சார்" என்று சொல்பவனைத்தான் முதலில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

திட்டமிட ஒரு மாதிரி

என் யோசனை இரண்டு பகல், ஓர் இரவு. முதல் நாள் காலை பாலம், பிறகு கலாம் நினைவிடமும் வீடும். வெயில் தாழ்ந்ததும் கோயில் பிராகாரம். இரண்டாம் நாள் அதிகாலை படகுத்துறை, காலை தனுஷ்கோடி, மதியத்துக்குள் திரும்புதல். ஒரே நாள்தான் முடியும் என்றால் பாலமும் தனுஷ்கோடியும் மட்டும் போதும். விட்டுப்போன இடங்களுக்காக வருந்த வேண்டாம்.

காலம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்களுக்கு மழையும் புயலும். அந்த மாதங்களில் வருவதென்றால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தனுஷ்கோடியில் நிழல் கிடையாது. தொப்பி, துண்டு, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கட்டாயம். கழிப்பறை எங்கே என்று முன்பே விசாரித்து, அதற்கேற்ப நேரம் போடுங்கள். மாதவிடாய் நாட்களில் வரும் பிள்ளைகளுக்காக ஆசிரியை ஒருவரின் பையில் தேவையானது இருக்கட்டும். 10 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து தாய்மார் இருவரை அழைத்து வந்தால் பாதிக் கவலை குறையும். அவர்களில் சிலருக்கும் அதுதான் முதல் கடலாக இருக்கும்.

பணம் கட்ட முடியாமல் தங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை விட்டுவிட்டு வந்தால், திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்கு வகுப்பில் பேச்செல்லாம் அவர்களுக்கு எட்டாத பேச்சாகிவிடும். இடத்தையும் நாளையும் குறைத்தாவது எல்லோரையும் அழைத்து வரப் பாருங்கள்.

எங்கள் பிள்ளைகளைச் சந்தியுங்கள்

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இத்தனை பேருந்துகள் வருகின்றன. எங்கள் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகின்றன. எங்கள் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள், உங்கள் பிள்ளைகளும் கை காட்டுகிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது.

ஒருமுறை கடலோரம் அல்லாத ஒரு மாவட்டத்து அரசுப் பள்ளியினர் முன்கூட்டியே கடிதம் எழுதி, ஒரு மணி நேரம் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். எட்டாம் வகுப்பை எட்டாம் வகுப்போடு உட்கார வைத்தோம். தமிழாசிரியர் நான்கு திசைக் காற்றின் பெயரைக் கேட்டார். வந்த பிள்ளைகள் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று சரியாகச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கவே தயங்கும் ஒரு பையன் எழுந்து, "நாங்க கொண்டல், கச்சான், வாடை, சோழகம்னு சொல்லுவோம்" என்றான். எந்தக் காற்றில் எந்தக் கடலுக்குப் போகலாம், எதில் போகக் கூடாது, எந்த வலையில் என்ன மீன் விழும் என்று கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். வந்த பிள்ளைகள் பதிலுக்கு நிலக்கடலை பறிப்பதையும் காட்டுப்பன்றி விரட்டுவதையும் சொன்னார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே அந்தப் பையன் அடுத்த வாரம் ஒரு கடிதம் எழுதினான். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அதுவரை அவன் தானாக இரண்டு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

இதற்குத் தனிச் செலவு கிடையாது. வரும் முன் ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போதும். தீவில் எந்த அரசுப் பள்ளியைக் கேட்டாலும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். எங்கள் பிள்ளைகள் உங்களுக்கு வழிகாட்டிகளாக வருவார்கள். எந்த மணலில் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஆண்டு எங்கள் பிள்ளைகளை நாங்கள் மலைக்கோ ஆற்றங்கரைக்கோ அழைத்து வருவோம். அப்போது உங்கள் பிள்ளைகள் வழிகாட்டட்டும். எங்கள் தீவில் ஆறு கிடையாது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் ஆறு.